கச்சேரி கணினிக்குள் போனபின்: வாசகர் கேள்வி – பதில்

அரச சேவைகள் ஒன்லைனுக்கு மாறுவது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரம் கூடிய கடிதத்தை மட்டும் சுருக்கிப் போட்டிருக்கிறோம். பெயர்கள் இல்லை. சிலர் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். தயவுசெய்து யாருக்கும் அப்படி அனுப்பாதீர்கள், எங்களுக்கும்தான்.

உப்புவெளியில் சிறிய கொமினிகேசன் ஒன்று நடத்துகிறேன். ஒன்லைன் படிவம் நிரப்பித் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பெயர், விலாசத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்தாகச் சிதறுகிறது. யுனிகோட்டில் அடித்தாலும் சில பெயர்களைத் தேடும்போது "பதிவு இல்லை" என்று வருகிறது. பிழை என்னிலா, தளத்திலா?
– வாசகி, உப்புவெளி

இரண்டும் வேறு வேறு நோய்கள். பாமினியில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறியீடுகளையும்தான். அந்த எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும் வரைக்கும் அது தமிழாகத் தெரியும். இணையப் படிவத்தில் அந்தப் போர்வை இல்லை. உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. பழைய கோப்புகளை எறிய வேண்டாம். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள். ஆனால் எண்களையும், இடையில் வரும் ஆங்கில முதலெழுத்துகளையும் மாற்றியபின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். மாற்றும் கருவி அவற்றையும் தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும்.

இரண்டாவது நோய் பொல்லாதது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. "கௌரி" என்ற பெயரை இரண்டு விதமாக அடிக்கலாம். ஔகார விசையை அழுத்தினால் அது ஒரே குறி. சிலர் கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ளகரத்தை வைப்பார்கள்: "கெளரி". தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டாவது பெயர் "கெ-ள-ரி". கௌசல்யா, சௌந்தரி, மௌலானா எல்லாம் இந்தப் பொறியில் விழும் பெயர்கள். "ஸ்ரீ" என்பதும் இரண்டு வேறு குறியீட்டு வரிசைகளில் அடிக்கப்படுகிறது. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பது, "எ" இருக்க வேண்டிய இடத்தில் "௭" என்ற தமிழ் எண்ணைப் போடுவது ஆகியவையும் நடக்கின்றன. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் செய்யும் வேலை இது.

ஆகவே ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், முதலில் உங்கள் பக்கத்தில் ஔகாரத்தை மாற்றி அடித்துத் தேடுங்கள். பிறகு முன்னெழுத்து இல்லாமலும், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் பெயரை விட்டுவிட்டு எண்ணால் தேடுவதே வழி: அடையாள அட்டை எண் அல்லது சான்றிதழின் பதிவு எண்.

ஸ்கேன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏ4 தாளை 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) எடுத்தால் ஏறக்குறைய 1654க்கு 2338 புள்ளி வரும். எழுத்து வாசிக்க அது போதும். சீல் மங்கியிருந்தால், கையெழுத்துப் பதிவேட்டின் பிரதியாக இருந்தால் 300 வையுங்கள். கறுப்பு–வெள்ளையில் எடுத்தால் ஊதா சீல் மறைந்துபோகும். கலரில் எடுத்து, கோப்பின் அளவைப் பிறகு சுருக்குங்கள். போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், அது படத்தை நசுக்கிவிடும். "டொக்கியுமென்ற்" என்று இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். வேலை முடிந்ததும் ஆட்களின் ஸ்கேன்களை உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், மற்றவரின் பிறப்புச் சான்றிதழ் உங்கள் டெஸ்க்டொப்பில் கிடப்பது சரியில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் "முகம்மது" என்றும், அவருடைய அடையாள அட்டையில் "முஹம்மத்" என்றும், வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. முன்பு ஜீ.எஸ். (கிராம அலுவலர்) ஒரு கடிதம் தந்தால் அலுவல் முடிந்தது. இப்போது ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

வஅலைக்குமுஸ்ஸலாம். முன்பு ஒப்பிட்டது மனிதர். ஆளைத் தெரியும், குடும்பத்தைத் தெரியும், இரண்டும் ஒரே பெயர்தான் என்பது அவருக்கு விளங்கும். இப்போது ஒப்பிடுவது எழுத்துக்கு எழுத்து பார்க்கும் ஒரு நிரல். சத்தியக் கடதாசியும் ஜீ.எஸ். கடிதமும் கவுண்டரில் இருப்பவரைத்தான் சமாதானப்படுத்தும். தரவுத்தளம் அவற்றை வாசிப்பதில்லை. எனவே ஒவ்வொரு அலுவலுக்கும் ஒவ்வொரு கடதாசி முடிப்பது காசுக்குக் கேடு. ஒருமுறை மூலத்தைத் திருத்துவது நல்லது.

வரிசை முக்கியம். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். வாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே அடிப்படையாக வையுங்கள். அது சரியென்றால் அடையாள அட்டையை அதற்கேற்ப மாற்றுங்கள். விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். புதிய அட்டை கையில் வந்தபின் வங்கி. அதன்பின் மற்றவை. வங்கியிலிருந்து தொடங்குகிறவர்கள் அதே வேலையை இரண்டு தடவை செய்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழே பிழையென்றால் வேலை கூடும். பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அங்கே எடுபடுவது பிள்ளைப் பருவத்துப் பழைய ஆதாரங்கள்: பாடசாலைச் சேர்வுப் பதிவு, பெற்றோரின் விவாகப் பதிவு, கூடப்பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ்கள். நேற்று எடுத்த கடிதத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு.

ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். கடவுச்சீட்டு, வங்கி, பரீட்சைச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே கூட்டல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் தடவை அடையாள அட்டைக்கு எழுதும்போதே வீட்டில் இதைத் தீர்மானித்துவிடுங்கள். அந்த வயது இப்போது 15.

நான் 1985 மார்ச் 1இல் பிறந்தவள். அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்தநாளைக் கணக்கிடலாம் என்று மகன் கணக்குப் பார்த்தான். ஒருநாள் கூடுதலாக வருகிறது. அட்டை பிழையா?
– வாசகி, நிலாவெளி

அட்டை சரி, கணக்குத்தான் வேறு. உங்கள் பழைய எண் 85561 என்று தொடங்கும். 85 ஆண்டு, 561இல் பெண்ணுக்குச் சேர்க்கும் 500ஐக் கழித்தால் 61. இந்த முறையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான், அந்த ஆண்டு அப்படி இருந்தாலும் இல்லாவிட்டாலும். 31, 29, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 61. மகன் 28 என்று வைத்திருப்பார். சில தனியார் செயலிகளும் இதே பிழையைச் செய்து பெப்ரவரிக்குப் பின் பிறந்தவர்களைத் திருப்பி அனுப்புகின்றன.

2016இல் வந்த 12 இலக்க எண் இதையே நீட்டியது: ஆண்டு நான்கு இலக்கம், நாள் மூன்று, தொடர் எண் நான்கு, சரிபார்க்கும் இலக்கம் ஒன்று. பழைய எண்ணை மாற்றும்போது முன்னால் 19 சேரும், நாளுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேரும், கடைசி ஆங்கில எழுத்து போய்விடும். பழைய எண் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு சேவையில் எந்த வடிவத்தில் பதிந்தீர்களோ, அடுத்த தடவையும் அதே வடிவத்தில் போடுங்கள். இல்லையேல் சில தளங்களுக்கு நீங்கள் இரண்டு பேர்.

வெருகலிலிருந்து பஸ் ஏறி பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போனால் "சிஸ்டம் டவுன்" என்கிறார்கள். பதிவுப் புத்தகம் அங்கேதானே இருக்கிறது? பார்த்து எழுதித் தர ஏலாதா?
– வாசகர், வெருகல்

புத்தகம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1960க்குப் பிந்திய பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள் ஸ்கேன் செய்யப்பட்டு, எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கும் வசதி வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் மூதூரில் எடுக்கலாம். இதனால் பயணம் மிச்சம். ஆனால் படம் வருவது கொழும்புப் பக்கத்துச் சேவையகத்திலிருந்து. இணைப்பு அறுந்தால், மின் நின்றால், அங்கே கோளாறு வந்தால் எல்லா ஊரும் ஒன்றாக நிற்கும். உங்கள் பிறப்பு அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே பதியப்பட்டிருந்தால் பழைய வழியில் தேடச் சொல்லிக் கேட்பது நியாயம். வேறு மாவட்டத்துப் பதிவென்றால் அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

போகும்போது பழைய பிரதியின் படத்தையாவது கொண்டு போங்கள். பதிவு எண், பதிவுத் திகதி, பதிவாளர் பிரிவு ஆகிய மூன்றும் இருந்தால் தேடல் உடனே முடியும். பெயரும் பிறந்த திகதியும் மட்டும் என்றால், முதல் கேள்வியில் சொன்ன எழுத்துச் சிக்கல் எல்லாம் வரும். சிஸ்டம் நின்றிருந்தால் சும்மா திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை ஒப்படைத்து, திகதி முத்திரையுடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடுத்த நாள் புறப்படமுன் ரெலிபோனில் கேளுங்கள். எந்தச் சேவைக்கு என்ன ஆவணம் என்று தெரியாவிட்டால் 1919 அரச தகவல் நிலையத்தில் தமிழில் கேட்கலாம்.

போரிலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். வீட்டுப் பிரதி போனால் பதிவும் போனது என்று அர்த்தமில்லை. தேடியும் பதிவே இல்லை என்றால், அதை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக அந்தத் தாள் வேண்டும்.

கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். எனக்கு அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை. என்னைவிட வசதியான வீட்டுக்குக் கிடைத்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டால் "கொம்பியூட்டர்தான் தெரிவு செய்தது" என்கிறார்கள். கொம்பியூட்டரிடம் யார் போய்க் கேட்பது?
– வாசகி, மூதூர்

கொம்பியூட்டர் தானாக ஒன்றும் தெரிவு செய்வதில்லை. நலன்புரி நன்மைகள் சபை வைத்த புள்ளித் திட்டத்தின்படி கூட்டுகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகள், அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். உங்கள் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் செயலியில் எதைத் தட்டினாரோ அதுதான் உள்ளே போனது. அந்த அலுவலர் நல்லவராயினும் புள்ளியை மாற்ற முடியாது. பதிவில் உள்ள விவரம் பிழையென்று காட்டினால், அதைத் திருத்தலாம். திருத்தினால் புள்ளி தானாக மாறும்.

ஆகவே "எனக்கு வறுமை" என்று எழுதும் மேன்முறையீட்டைவிட, "எனக்கு இல்லாத ஒன்றை இருக்கிறது என்று பதிந்திருக்கிறார்கள்" என்று எழுதுவது எடுபடும். வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் சில உண்டு. இறந்த கணவரின் பெயரில் இன்னும் மோட்டார் சைக்கிளோ வள்ளமோ கிடக்கும். ஒரே மின்மானியில் இரண்டு குடும்பம் இருந்தால் பாவனை கூடத் தெரியும். அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தால் அந்தக் கல்வீடு உங்களுடையதாகப் பதியப்பட்டிருக்கும். வெளியூர் போன பிள்ளையை இன்னும் உழைப்பவராகக் கணக்கில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் தேடுங்கள்: இறப்புச் சான்றிதழ், வாகனம் கைமாறிய பத்திரம், மின் பட்டியல்.

உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மறுக்க முடியாது. வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதினால் போதும்: "எனது அஸ்வெசும விண்ணப்பத்தில் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பதியப்பட்ட விவரத்தையும் வழங்கப்பட்ட புள்ளியையும் தருக." காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியே தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அயல்வீட்டுக்காரரின் புள்ளியைக் கேட்காதீர்கள், அது அவருடைய தனிப்பட்ட விவரம் என்று மறுத்து, உங்கள் கோரிக்கையையும் இழுத்தடிப்பார்கள்.

இது அலைச்சலுக்குத் தகும் அலுவல்தான். 2025 தொடக்கத்தில் வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 8,500இலிருந்து 10,000 ரூபாவாகவும், மிக வறிய குடும்பத்துக்கு 15,000இலிருந்து 17,500 ரூபாவாகவும் கூடியது.

உர மானியம் 25,000 ரூபா என்றார்கள். எனக்கு இரண்டு ஏக்கர் வயல். ஐம்பதாயிரம் வரவில்லையே?
– வாசகர், தம்பலகாமம்

2024/25 பெரும்போகத்துக்குச் சொன்ன 25,000 ஹெக்டேயருக்கு. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர், ஏக்கருக்குப் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உச்ச வரம்பு இரண்டு ஹெக்டேயர். இரண்டு ஏக்கருக்கு இருபதாயிரமும் கொஞ்சமும் வந்திருந்தால் கணக்குச் சரி. ஒன்றுமே வராவிட்டால் கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். நீண்டநாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் உறங்கிப்போன கணக்கு என்றால் காசு திரும்பிப் போகும். முதலில் வங்கியில் அதை எழுப்புங்கள்.

கவ்பே (அரசக் கட்டணங்களை ஒன்லைனில் கட்டும் முறை) மூலம் கட்டிய காசு கணக்கிலிருந்து போய்விட்டது. அலுவலகத்தில் வரவில்லை என்கிறார்கள்.
– வாசகர், பாலையூற்று

இரண்டாம் தடவை கட்டாதீர்கள். கவ்பே 2025 பெப்ரவரி 7இல் 16 நிறுவனங்களுடன் தொடங்கி விரிந்துவருகிறது. வங்கிச் செயலிக்குள்ளிருந்தே நிறுவனத்தையும் சேவையையும் தெரிவு செய்து கட்டுவது. பிழை வரும் இடம் பெரும்பாலும் குறிப்பு எண். ஒரு இலக்கம் மாறினால் காசு போகும், ஆனால் உங்கள் கோப்பில் ஒட்டாது. செயலியின் வரலாற்றில் கொடுக்கல் எண்ணை எடுத்து, நீங்கள் போட்ட குறிப்பு எண்ணை அலுவலகம் தந்ததோடு ஒப்பிடுங்கள். எண் சரியென்றால் முதலில் வங்கிக்கு, எண் பிழையென்றால் முதலில் அலுவலகத்துக்கு. திரையின் படத்தை மட்டும் நம்பாமல் ரசீதைக் கோப்பாக இறக்கி வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டி எந்த அரசக் கட்டணமும் கட்டக் கூடாது.

எல்லாவற்றையும் கொழும்பில் ஒரு கணினியில் போட்டுவிட்டு, அது அழிந்தால்?
– வாசகர், சாம்பல்தீவு

கற்பனைக் கேள்வி இல்லை இது. 2023 ஓகஸ்ட்டில் அரச மேகக்கணிமையில் இருந்த மின்னஞ்சல் அமைப்பைப் பணயத் தீநிரல் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) தாக்கியது. ஏறக்குறைய ஐயாயிரம் அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. காரணங்கள் இரண்டு: ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பதிப்பு, அந்தக் காலத்துக்குரிய நகல், இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்படாததால் மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. நகல் எடுப்பது வேறு, நகலைக் கழற்றித் தனியே வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யப் பணமும் வேண்டாம், பெரிய அறிவும் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். அதுதான் அங்கே இருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: முக்கியமான கடிதத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள், பதிவுத் தபாலிலும் போடுங்கள், தபால் ரசீதைக் கோப்பில் குத்தி வையுங்கள்.

ஓட்டோவுக்கு வரி அனுமதிப்பத்திரம் ஒன்லைனில் எடுக்கப் பார்த்தேன். காப்புறுதி இல்லை என்கிறது. காப்புறுதி கையில் இருக்கிறது.
– வாசகர், அனுராதபுரச் சந்தி

உங்கள் கையிலுள்ள தாளைத் தளம் பார்ப்பதில்லை. காப்புறுதிக் கம்பனியும் புகைப் பரிசோதனை நிலையமும் அனுப்பும் தரவைப் பார்க்கிறது. கம்பனி இன்னும் அனுப்பியிருக்காது, அல்லது வாகன எண்ணை வேறு விதமாக அடித்திருக்கும், அல்லது உங்கள் காப்பு நாளைதான் தொடங்கும். கம்பனிக்கு எடுத்து "வாகன எண்ணை வாசியுங்கள், தரவு போய்விட்டதா" என்று கேளுங்கள். கடைசி நாளில் காப்புறுதி எடுத்து அன்றே அனுமதிப்பத்திரம் எடுக்க நினைக்காதீர்கள்.

கடலுக்குப் போய் வலை இழுத்து என் விரல்ரேகை தேய்ந்துவிட்டது. கருவியில் விழுவதே இல்லை. இனி எல்லாவற்றுக்கும் விரல் வைக்கச் சொல்வார்களாமே?
– வாசகர், திருக்கடலூர்

திட்டமிடப்பட்டுள்ள புதிய டிஜிற்றல் அடையாளத்துக்கு விரல்ரேகையோடு முகமும் கருவிழியும் சேர்த்தே பதிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று தவறினால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கடவுச்சீட்டுக்கு விரல் வைக்கப் போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. உப்பும் வெயிலும் காய்த்த தோலில் ரேகை மேடு இருந்தாலும் ஈரப்பசை இல்லாததால் கருவிக்குத் தெளிவாகத் தெரியாது. போவதற்கு மூன்று நான்கு நாள் வலை, கயிறு, சீமெந்து தொடாதீர்கள். இரவில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். காலையில் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போகக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். பதியும் நேரத்தில் ஈரத் துணியில் விரலை ஒற்றி, அழுத்தாமல் வையுங்கள். பலமாக அழுத்தினால் ரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படம் கறுப்பாகிவிடும். வலது பெருவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.  பெண்கள் மருதோன்றி போட்டிருந்தால் நிறம் மங்கும்வரை பொறுப்பது நல்லது.